பின்தொடர்வோர் இருந்தும் நன்கொடை வரவில்லை என்றால் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி இது: இரண்டு மூன்று தன்னார்வலர்களை வைத்து நடக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் சில ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பதிவுகளுக்கு லைக் விழுகிறது, நன்கொடைதான் வருவதில்லை. இன்னும் நிறையப் பதிவிட வேண்டுமா, விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டுமா?

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். சமூக ஊடகத்தில் நன்கொடை திரட்டும் வேலையில் கடைசியிலிருந்து முதலுக்கு வர வேண்டும். பணம் கொடுத்தவருக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். அடுத்து பணம் கட்டும் பக்கம். அதன்பின் பதிவு. ஆட்களைச் சேர்ப்பதும் விளம்பரமும் கடைசி. பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கின்றன.

இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பின்தொடர்பவர்கள் உங்கள் கையில் இல்லை. எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை அந்தத் தளத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. உங்களைப் பின்தொடர்பவர்களிலேயே ஒரு சிறு பங்கினருக்குத்தான் ஒவ்வொரு பதிவும் போய்ச் சேரும். நன்கொடையாளரின் மின்னஞ்சலோ போன் எண்ணோ அவர் சம்மதத்துடன் உங்களிடம் இருந்தால், எந்தத் தளம் எப்படி மாறினாலும் அவரிடம் நீங்கள் பேசலாம். அறிமுகமில்லாத ஒருவரை அந்தப் பட்டியலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே சமூக ஊடகத்தின் முதல் பயன்.

இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று. உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, உங்கள் கடைசிப் பதிவிலிருந்து ஒரு சிறு தொகையை நன்கொடையாகக் கட்டச் சொல்லுங்கள். வைஃபை வேண்டாம், மொபைல் டேட்டாவில் செய்யட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், உதவாதீர்கள். எங்கே அவர் விரல் தயங்குகிறதோ அங்கேதான் உங்கள் நன்கொடை நின்றுபோகிறது.

வழக்கமாக அகப்படும் தடைகள் சில. இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் லிங்கைத் தொட்டால் திறக்காது. முகப்புக் குறிப்பிலும் (பயோ) ஸ்டோரியில் ஒட்டும் லிங்க் ஸ்டிக்கரிலும்தான் திறக்கும். இது தெரியாமல் நீளமான முகவரியைப் பதிவில் எழுதி வைப்பவர்கள் ஏராளம். அடுத்தது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிக்குள் தொடும் லிங்க் பெரும்பாலும் அந்தச் செயலிக்கு உள்ளேயே இருக்கும் ஒரு சிறு உலாவியில் திறக்கிறது. பணம் கட்டும்போது வங்கிச் செயலிக்கோ, கடவு எண் வந்த குறுஞ்செய்திக்கோ போய்த் திரும்பினால் சில நேரம் பக்கம் தொலைந்துவிடும். கொடுக்க நினைத்தவர் மறுபடி முயல மாட்டார். ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும், ஒவ்வொரு செயலிக்குள்ளிருந்தும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

படிவத்தில் பெயர், தொகை, மின்னஞ்சல் அல்லது போன் எண் போதும். ரசீதுக்கோ வரிச் சலுகைக்கோ சட்டப்படி வேறு விவரம் தேவை என்றால் அதை மட்டும் சேருங்கள். பிறந்த நாள், தொழில், எங்களை எப்படி அறிந்தீர்கள் என்பதையெல்லாம் பணம் வந்தபின் கேட்டுக்கொள்ளலாம். தொகைக்கு மூன்று நான்கு தெரிவுகள் கொடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தத் தொகை எதற்கு ஆகும் என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி உண்மையான செலவுக் கணக்கிலிருந்து வர வேண்டும். தொகையைத் தாமே எழுதிக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும். மாதந்தோறும் கொடுப்பதற்கான தெரிவு கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும், ஆனால் முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். தெரியாமல் மாத நன்கொடையாளர் ஆனவர் ஒரு மாதம் கழித்து வங்கியில் புகார் கொடுப்பார்.

பதிவில் இருக்கும் அதே படமும் அதே தலைப்பும் பணம் கட்டும் பக்கத்தின் மேலே இருக்க வேண்டும். ஒரு சிறுமியின் அறுவை சிகிச்சைக்கென்று லிங்கைத் தொட்டவர் நிறுவனத்தின் பொதுவான முகப்பில் போய் விழுந்தால், வேறு எங்கோ வந்துவிட்டோம் என்று திரும்பிவிடுவார். கூடவே, ‘இந்தத் தேவைக்கு மேல் வரும் பணம் இதே போன்ற மற்றத் தேவைகளுக்குப் பயன்படும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். ஒரு தனித் தேவைக்காகக் கேட்டுத் தேவைக்கு மேல் பணம் சேர்ந்துவிட்டால், அந்த ஒரு வரி இல்லாததால் எழும் சிக்கல் பெரிது.

இன்னொரு ஆபத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. திருடிய கார்டு எண்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க மோசடிக்காரர்கள் நன்கொடைப் பக்கங்களைப் பயன்படுத்துகிறார்கள். தொகையை நாமே எழுதலாம், பொருள் அனுப்ப முகவரி வேண்டாம் என்பதால் அவர்களுக்கு இது வசதி. ஒரே இரவில் மிகச் சிறு தொகைகளாக நூற்றுக்கணக்கான முயற்சிகள், பாதிக்கு மேல் தோல்வி என்று கணக்கில் தெரிந்தால் அது திடீர்ப் புகழ் இல்லை. குறைந்தபட்சத் தொகை ஒன்றை வையுங்கள், கட்டுவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா போடுங்கள், ஒரே இடத்திலிருந்து வரும் அடுத்தடுத்த முயற்சிகளைத் தடுக்கும் வசதியைக் கட்டண நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். இல்லாவிட்டால், கார்டின் சொந்தக்காரர் புகார் செய்து பணம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதற்கான கட்டணம் உங்கள் தலையில் விழும்.

பக்கம் சரியானதும் அளக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் யூடிஎம் குறியிட்ட, அதாவது எங்கிருந்து வந்தார் என்பதைக் காட்டும் சிறு அடையாளம் முகவரியின் கடைசியில் சேர்த்த, தனி லிங்க் கொடுத்தால் எந்த வழியாக யார் வந்தார்கள் என்பது தெரியும். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லிங்கைத் தொட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டி முடித்தார்கள் என்ற மூன்று எண்கள் போதும். ஆயிரம் பேர் பார்த்து, இருபது பேர் தொட்டு, ஒருவர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதே இருபதில் மூன்று பேர் கட்டும்படி படிவத்தைத் திருத்துவதும், பார்ப்பவர்களை மூவாயிரமாக உயர்த்துவதும் ஒரே பலனைத் தரும். முதலாவது ஒரு மாலை வேலை. நிறையப் பேர் தொட்டும் யாரும் கட்டவில்லை என்றால் கோளாறு பக்கத்தில். நிறைய லைக் விழுந்தும் யாருமே தொடவில்லை என்றால் கோளாறு பதிவில். பெரும்பாலும் அதில் தெளிவாக எதையும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

லைக்கைப் பற்றி ஒன்று. 2014இல் கிறிஸ்டோஃபர்சன், வைட், பெலோசா ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், நாலு பேர் பார்க்க ஓர் அடையாள ஆதரவைத் தெரிவித்தவர்கள், பின்னர் உண்மையான உதவி கேட்கப்பட்டபோது, தனிமையில் ஆதரவு தெரிவித்தவர்களைவிடக் குறைவாகவே முன்வந்தார்கள். பொதுவில் ஒரு லைக் போட்டதும் கடமை முடிந்த நிறைவு வந்துவிடுகிறது. ஆகவே அக்கறையோடு கமெண்ட் எழுதுபவரைப் பொதுவெளியிலேயே விட்டுவிடாதீர்கள். அவர் எழுதியதைக் குறிப்பிட்டுத் தனிச்செய்தியில் பதில் எழுதுங்கள். உங்கள் பணி எப்படி நடக்கிறது என்ற விவரத்தை மாதம் ஒருமுறை அனுப்பலாமா என்று கேளுங்கள். உடனே பணம் கேட்க வேண்டாம்.

இனி பதிவுக்கு வருவோம். ஒரு மனிதர், ஒரு தேவை, ஒரு தொகை. இதற்குமேல் ஒரு பதிவில் எதையும் ஏற்றாதீர்கள். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. பங்கேற்றவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து டாலர் இருந்தது. மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்களோ 1.43 டாலரில் நின்றுவிட்டார்கள். புள்ளிவிவரம் சேர்ந்தால் கோரிக்கைக்கு வலு கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், அது குறைக்கிறது. பிரச்சினையின் அளவைக் காட்டும் எண்களை ஆண்டறிக்கைக்கும், நிதி நிறுவனங்களுக்கு எழுதும் விண்ணப்பத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மனிதரைக் காட்டுவது என்றால் அவருடைய கண்ணீரைக் காட்டுவது என்று பொருளில்லை. இதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது: நீங்கள் அந்த நிலையில் இருந்தால் எந்தப் படம் வெளிவரச் சம்மதிப்பீர்களோ அதை மட்டும் போடுங்கள். சம்மதம் அவருக்குப் புரியும் மொழியில், எந்தெந்தத் தளத்தில், எவ்வளவு காலம் என்பதைச் சொல்லி எழுத்தில் வாங்க வேண்டும். மறுத்தால் உதவி நின்றுவிடாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அது சொல்லப்படாத இடத்தில் கிடைக்கும் சம்மதம் சம்மதமே இல்லை. பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்லிப் படத்தை எடுக்க வைக்கலாம் என்ற எண்ணையும் கொடுங்கள். குழந்தைகள் என்றால் முழுப்பெயர், பள்ளிச் சீருடை, பெயர்ப்பலகை, வீட்டு வாசல் எதுவும் படத்தில் தெரியக்கூடாது. படக்கோப்பில் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும். நோய், வன்முறை, கடன் தொடர்பான நிலைகளில் கைகளோ செய்யும் வேலையோ மட்டும் தெரியும் படமும் நன்றாகவே பேசும்.

வீடியோவில் முதல் மூன்று விநாடிக்குள் அந்த மனிதரோ அந்தப் பிரச்சினையோ திரையில் வந்துவிட வேண்டும். நிறுவனத்தின் சின்னம் சுழன்று வரும் தொடக்கத்தை வெட்டி எறியுங்கள். ஆட்கள் விலகிப்போவது அங்கேதான். பலர் ஒலியை அணைத்து வைத்தே பார்க்கிறார்கள் என்பதால் பேச்சு முழுவதும் எழுத்தாகவும் திரையில் ஓட வேண்டும். ரீல்ஸுக்கும் ஸ்டோரிக்கும் 1080க்கு 1920 பிக்சல் செங்குத்து அளவு. கீழ்ப்பகுதியில் செயலியின் பொத்தான்களும் கணக்கின் பெயரும் வந்து மறைக்கும், ஆகவே எழுத்தை நடுப்பகுதியிலேயே வையுங்கள். படம் எடுக்க நல்ல போன் போதும், ஆனால் ஒலிக்குச் சட்டையில் மாட்டும் மலிவான மைக் ஒன்று வாங்குங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் இரைச்சலைப் பொறுப்பதில்லை.

இரண்டு தன்னார்வலர்கள் இருக்கும் இடத்தில் இரண்டு தளங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். களத்துக்குப் போகும் ஒரே நாளில் மூன்று வாரத்துக்கான சரக்கைச் சேர்க்கலாம், முன்பே பட்டியல் இருந்தால். வேலை தொடங்கும் முன் இடத்தின் படம், நடுவில் கைகள், முடிந்த பின் அதே கோணத்தில் இன்னொரு படம். உதவி பெற்றவர் ஒருவர் தம் சொந்தச் சொற்களில் பேசும் ஒரு நிமிடம். வேலை செய்பவர் ஒருவர் அன்று எது கடினமாக இருந்தது என்று சொல்லும் அரை நிமிடம். வாங்கிய பொருள்களின் பில். வாரத்துக்கு மூன்று பதிவு தாராளம். ஐந்து பதிவில் ஒன்றில் மட்டும் பணம் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது மழுப்ப வேண்டாம். ‘உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்’ என்பது யாருக்கும் சொல்லப்படாத கோரிக்கை. இன்ன தொகை, இன்ன தேதிக்குள், இன்ன காரியத்துக்கு என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பைப் பலர் தவறாகக் கையாள்கிறார்கள். கேட்காமலே நூறு பேரைக் குழுவில் சேர்த்தால் பாதிப் பேர் வெளியேறுவார்கள், சிலர் புகாரும் செய்வார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் நாகரிகமான வழி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் பதில் எழுதினால் உங்களுக்கு மட்டுமே வரும். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதால், நன்றிச் செய்தியிலேயே எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டுவிடுங்கள்.

பெரிய தொகை வேண்டும் என்றால் ஆண்டு முழுவதும் மெல்லக் கேட்பதைவிட, பத்து நாள் இயக்கம் ஒன்று நடத்துவது நல்லது. பொதுவில் அறிவிப்பதற்கு முந்தைய வாரம் நிர்வாகக் குழுவினர், பழைய நன்கொடையாளர்கள், தன்னார்வலர்களின் உறவினர்கள் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசி, இலக்கில் கால்பங்கையாவது உறுதி செய்துவிடுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் இலக்குக் கோட்டைப் பார்ப்பவர் முதல் ஆளாக இருக்கத் தயங்குவார். பெரிய நன்கொடையாளர் ஒருவர் ஈடுதொகை தர முன்வந்தால், அதாவது வரும் ஒவ்வொரு தொகைக்கும் சமமாக அவரும் கொடுத்தால், கட்டாயம் பயன்படுத்துங்கள். கார்லன், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2007இல் வெளியிட்ட களச் சோதனையில், ஈடுதொகை அறிவித்ததும் ஒரு கடிதத்துக்குக் கிடைத்த வருவாய் 19 விழுக்காடும், கொடுப்பதற்கான வாய்ப்பு 22 விழுக்காடும் உயர்ந்தன. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று ஈட்டைக் கூட்டியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எனவே அவரிடம் மும்மடங்கு கேட்டு அவரை வருத்த வேண்டாம். ஒன்றுக்கு ஒன்று என்று நீண்ட நாள் ஓடட்டும். மக்கள் எதுவும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பெருந்தொகை வரத்தான் போகிறது என்றால், அதை ஈடுதொகை என்று அறிவிப்பது பொய்.

இயக்கத்தின் நடுவில், நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, வரவு படுத்துவிடும். இது இயல்பு. பணக் கோரிக்கையைத் திரும்பத் திரும்பப் போடாமல், அந்த நாட்களில் ஆதரவாளர்களைப் பேச வையுங்கள். மனிதர்கள் நிறுவனத்துக்குக் கொடுப்பதைவிடத் தமக்குத் தெரிந்தவர் கேட்டால் எளிதில் கொடுக்கிறார்கள். பத்து இருபது ஆதரவாளர்களுக்குத் தனித்தனி லிங்க், இரண்டு படங்கள், அவர்கள் மாற்றி எழுதிக்கொள்ளத்தக்க மூன்று சிறு செய்திகள் ஆகியவற்றை முன்பே கொடுத்துவிடுங்கள். ‘ஷேர் செய்யுங்கள்’ என்ற பொது வேண்டுகோளுக்கு யாரும் அசைவதில்லை. ‘உங்களோடு படித்த ஐந்து பேருக்கு இதைத் தனியாக அனுப்ப முடியுமா’ என்றால் அனுப்புவார்கள்.

வைரல் ஆவதைத் திட்டமிட முடியாது. வந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கலாம். 2014 மார்ச்சில் பிரிட்டனில் ஒப்பனையில்லாத செல்ஃபி போடும் அலையைத் தொடங்கியது புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் கேன்சர் ரிசர்ச் யூகே நிறுவனம் இல்லை. மக்களாகத் தொடங்கியதை அவர்கள் கவனித்து, ‘பீட்’ என்ற சொல்லை ஒரு குறுஞ்செய்தி எண்ணுக்கு அனுப்பி நன்கொடை தரலாம் என்று உடனே அறிவித்தார்கள். ஆறு நாளில் 80 லட்சம் பவுண்டு சேர்ந்தது. அதே அலையில் சிலர் ‘பீட்’டுக்குப் பதிலாக ‘டொனேட்’ என்று அனுப்பியதால் அவர்கள் பணம் யூனிசெஃப்புக்குப் போனது. இதில் நமக்கு இரண்டு வேலை இருக்கிறது. நம் துறை தொடர்பான சொற்களைத் தினமும் ஒருமுறை தேடிப் பார்ப்பது ஒன்று. தவறாக எழுதினாலும் நம்மிடமே வந்து சேரும் எளிய சொல்லையோ லிங்கையோ வைத்திருப்பது மற்றொன்று.

அதே ஆண்டுக் கோடையில், தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் ஐஸ் பக்கெட் சேலஞ்ச் மூலம், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகப் பாடுபடும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் வந்தது. அடுத்த ஆண்டு அதையே திரும்ப நடத்த முயன்றபோது அதில் மிகச் சிறு பங்குதான் கிடைத்தது. ஆனால் அவர்கள் மற்றொன்றைச் சரியாகச் செய்தார்கள். அந்தப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியால் 2016இல் அந்த நோயோடு தொடர்புடைய என்இகே1 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டபோது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களுக்கு இது உங்கள் பணத்தில் நடந்தது என்று உரக்கச் சொன்னார்கள். அலையை மறுபடி கிளப்புவது நம் கையில் இல்லாவிட்டாலும், கணக்குச் சொல்வது நம் கையில் இருக்கிறது.

ஆகவே பணம் வந்தபின் நடப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தானாகப் போகும் ரசீது சில நிமிடங்களில் போய்விடட்டும். அது நன்றி ஆகாது. இரண்டு நாளுக்குள் ஒரு மனிதர் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். முப்பது விநாடிக் குரல் பதிவு போதும், சிறு தொகை கொடுத்தவருக்கும் அதுவேதான். ஒரு மாதத்துக்குள் வேலை எங்கே நிற்கிறது என்று ஒரு படம். மூன்று மாதத்துக்குள் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, ஏன் என்ற கணக்கு. இதற்கு முன்னால் அவரிடம் மறுபடி பணம் கேட்காதீர்கள். முதல் முறை கொடுத்தவர் இரண்டாம் முறை கொடுக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மனக்கசப்பு காரணமில்லை. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் மறந்துபோகிறார்.

பொதுவெளியில் ‘பணமெல்லாம் எங்கே போகிறது?’ என்று யாராவது கேட்டால் அந்தக் கமெண்ட்டை அழிக்காதீர்கள். நிர்வாகச் செலவு இவ்வளவு, நேரடிப் பணிக்கு இவ்வளவு, தணிக்கை அறிக்கை இங்கே என்று அங்கேயே எண்களோடு பதில் எழுதுங்கள். கேட்டவர் திருப்தி அடையாவிட்டாலும், ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அடைவார்கள். வசைச்சொற்களை மட்டும் மறைத்துவிடலாம்.

பாதுகாப்புக்குச் சுருக்கமாக: கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்கட்டும், விலகிப்போன தன்னார்வலரின் அனுமதியை அன்றே நீக்குங்கள். மாதம் ஒருமுறை உங்கள் நிறுவனத்தின் பெயரை எல்லாத் தளங்களிலும் தேடிப் பாருங்கள். பெரிய இயக்கம் நடக்கும் நாட்களில் அதே படத்தைத் திருடி வேறு கியூஆர் குறியோடு போலிக் கணக்குகள் கிளம்பும். கணக்கு எண்ணும் கியூஆரும் எங்கள் இணையதளத்தில் மட்டும்தான் இருக்கும், கமெண்ட்டிலோ தனிச்செய்தியிலோ அனுப்ப மாட்டோம் என்று முகப்பில் எழுதி வைத்து, அதை ஒருபோதும் மீறாதீர்கள்.

தளங்களே தரும் நன்கொடைப் பொத்தான்கள், பிறந்தநாள் நிதி திரட்டல் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். கொடுப்பவருக்கு அவை மிக எளிது. ஆனால் பகிரச் சம்மதித்தவர்களைத் தவிர மற்றவர்களின் தொடர்பு விவரம் உங்களுக்கு வராது. பணம் வரும், மனிதர் வர மாட்டார். அப்படி ஒருவர் உங்களுக்காகத் திரட்டினால் அவருடைய பதிவின் கீழேயே போய் நன்றி சொல்லி, உங்கள் பணி விவரம் பெற விரும்புவோருக்குப் பட்டியலில் பெயர் பதியும் பக்கத்தின் லிங்கைக் கொடுங்கள்.

விளம்பரம் இதற்கெல்லாம் பிறகு. பதிவைப் பணம் கட்டிப் பலருக்குக் காட்டும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் லைக் போடுபவர்களைத்தான் அது பெரும்பாலும் தேடித் தரும். விளம்பர நிர்வாகப் பகுதிக்குள் போய், நன்கொடை முடிவதையே குறிக்கோளாகத் தேர்ந்தெடுங்கள். நன்கொடைப் பக்கம் வரை வந்து கட்டாமல் போனவர்கள், வீடியோவைப் பெரும்பகுதி பார்த்தவர்கள் ஆகியோருக்கு முதலில் காட்டுங்கள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர முறை, யாருக்குக் காட்டினால் பலன் என்று கற்றுக்கொள்ள, நீங்கள் தேர்ந்த குறிக்கோள் வாரத்துக்குச் சுமார் 50 முறை நிறைவேற வேண்டும். சிறு நிறுவனத்துக்கு அத்தனை நன்கொடை வராது என்பதால், உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்வதைக் குறிக்கோளாக வைத்துத் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு நன்கொடையாளரைச் சேர்க்க ஆகும் செலவு, அவர் ஓராண்டில் கொடுப்பதைவிடக் கூடிவிட்டால் அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள்.

மாத நன்கொடையாளர்கள் சேரத் தொடங்கியதும் மாதத்துக்கு ஒருமுறை தோல்வியடைந்த கட்டணங்களின் பட்டியலைப் பாருங்கள். விலகிப்போனதாகக் கணக்கில் தெரிபவர்களில் பலர் விலக முடிவு செய்தவர்கள் இல்லை. கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது புது எண் வந்திருக்கும். புதிய லிங்கோடு இரண்டு வரி அனுப்பினால், பலர் அன்றே புதுப்பித்துவிடுவார்கள்.